அவள் பாட்டுக்கு மட்டும் தட்டில் இடமில்லையா?

ஃப்ளீட்வுட் மேக் என்ற பாப் குழுவின் கதை தெரிந்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1976-இல் கலிபோர்னியாவில் அவர்களுடைய 'ரூமர்ஸ்' ஆல்பத்துக்கு வேலை நடந்தது. கிட்டார் வாசித்த லிண்ட்சே பக்கிங்காமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் அப்போதுதான் பிரிந்திருந்தார்கள். ஆனாலும் ஒரே ஸ்டுடியோவில் சேர்ந்து பாடியாக வேண்டும். லிண்ட்சே 'கோ யுவர் ஓன் வே' எழுதினார். கண்டவர்களோடு போய் இருப்பதுதான் அவளுக்கு ஆசை என்கிற அர்த்தத்தில் அதில் ஒரு வரி வரும். அது பொய், எடுத்துவிடு என்று ஸ்டீவி கேட்டார். எடுக்கவில்லை. மேடைக்கு மேடை அந்தப் பாட்டுக்கு அவரே பின்குரலும் கொடுத்தார்.

தன் பக்கத்தைச் சொல்ல ஸ்டீவி 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' எழுதினார். என் குரல் உன்னை விடவே விடாது என்று நேருக்கு நேர் சொல்லும் பாட்டு. அதன் வருமானத்தை அம்மாவுக்கென்று எழுதியும் கொடுத்திருந்தார். ஆனால் ஆல்பத்தில் அதற்கு இடமில்லை என்று டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் அவரை வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். பாட்டு நீளமாம். எல்.பி. என்கிற பெரிய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம் தாண்டினால் ஒலி கெடும் என்பது உண்மைதான். சரி, அத்தனை பாட்டில் இதையா எடுக்க வேண்டும்? 1976 டிசம்பரில் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு வருகிற சின்னத் தட்டு, வந்தபோது, முன்பக்கம் லிண்ட்சேயின் குற்றச்சாட்டு. ஸ்டீவியின் பதில் தட்டின் பின்பக்கம்.

'ட்ரீம்ஸ்' என்ற ஸ்டீவியின் இன்னொரு பிரிவுப் பாட்டு ஆல்பத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அமெரிக்காவில் முதலிடமும் பிடித்தது. ஆனால் அது நிதானமாகப் பேசுகிற பாட்டு. பெண் நிதானமாக வருத்தப்பட்டால் கேட்க ஆளிருக்கிறது. கோபப்பட்டால்தான் நீளம், வேகம் என்று காரணம் வருகிறது. என் ஆதங்கமெல்லாம் இதுதான்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற தனியார் பஸ்ஸில் சாயங்காலம் ஏறிப் பாருங்கள். வரிசையாகக் காதல் தோல்விப் பாட்டு. ஏமாத்திட்டா, காசைப் பார்த்துப் போயிட்டா என்று அவன் பாடிக்கொண்டே இருப்பான். பஸ்ஸில் பாதிப் பேர் காலேஜ் பெண்கள், புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டபடி நிற்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண். பிரிந்ததும் அந்தப் பையன் இந்த மாதிரி ஒரு பாட்டை அவள் பெயரின் முதல் எழுத்தோடு ஸ்டேட்டஸில் வைத்தான். ராத்திரிக்குள் தெரு முழுக்கப் பார்த்தாயிற்று. அவளுடைய அப்பா போனை வாங்கி, சிம்மைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்ன நடந்தது என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கு வலித்திருக்கும், பாடட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தெருவே கேட்ட வழக்கில் அவள் வாக்குமூலம் மட்டும் பதிவாகவில்லை.

இத்தனைக்கும் இது அதியமான் ஆண்ட தகடூர். அவன் நட்பைப் பெற்ற ஔவையார் பெயரில் குறுந்தொகையில் 28-ஆவது பாட்டைப் படித்துப் பாருங்கள். என் நோய் தெரியாமல் தூங்குகிற இந்த ஊரை முட்டுவேனா, தாக்குவேனா, ஆ ஓ என்று கூவுவேனா என்று கேட்கிறாள் ஒரு பெண். என்ன கோபம்! அதைக் குறைத்துப் பாடு என்று யாரும் சொல்லவில்லை, தொகையில் அப்படியே சேர்த்தார்கள்.

'சில்வர் ஸ்பிரிங்ஸ்' ரொம்பக் காலம் அந்தப் பின்பக்கத்திலேயே கிடந்தது. தன் தனி ஆல்பத்துக்கு ஸ்டீவி கேட்டபோதும் மிக் தரவில்லை. ஸ்டீவி குழுவை விட்டே விலகினார். மறுபடி எல்லோரும் ஒன்றுசேர்ந்து 1997-இல் 'தி டான்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சியை ஆல்பமாக வெளியிட்டபோதுதான் அந்தப் பாட்டு ஊரறியக் கேட்டது. கடைசிப் பகுதியில் ஸ்டீவி லிண்ட்சேயின் பக்கம் திரும்பி, கண்ணை எடுக்காமல், தொண்டை கிழியப் பாடுவார். பக்கத்தில் கிட்டாரோடு நிற்கும் லிண்ட்சேயும் கூடவே பாட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் கிராமி விருதுக்கும் அது பரிந்துரையானது.

நம்ம மாவட்டத்தில் போனிலேயே பாட்டுப் பதிந்து யூடியூபில் போடும் தம்பிகள் நிறைய இருக்கிறீர்கள். ஒரு பெண் தன் பிரிவை எழுதிக்கொண்டு வந்தால், ரொம்பக் கோபமா இருக்கு, கொஞ்சம் மாத்து என்று சொல்லாதீர்கள். அவள் எழுதினபடி, அவள் குரலிலேயே வெளியிடுங்கள். பென் டிரைவில் ஏற்றி பென்னாகரம் பஸ் டிரைவர் அண்ணனிடம் கொடுக்கிற வேலை என்னுடையது.