செமாக்காவ் மக்களை மறந்துவிட்டீர்களே

மறுசீரமைப்பு நீதி (தவறு செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் கூடிப் பேசித் தீர்வு காண்பது), பூர்வகுடி உரிமை பற்றிய சமூகக் கூட்டங்கள் சிங்கப்பூரிலும் வேண்டும் என்கிறது உங்கள் கட்டுரை. சரிதான். நியூசிலாந்து உதாரணமும் பொருத்தம்: சிறார் வழக்குகளில் குடும்பத்தையே கூட்டிப் பேசவைத்த 1989 சட்டத்துக்கு வேர், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கம்.

ஆனால் நம்ம ஊர்க் கதை எங்கே? புலாவ் செமாக்காவ் என்றால் நம் பிள்ளைகளுக்குக் குப்பைத் தீவு. 1999 முதல் எரித்த குப்பையின் சாம்பல் அங்கேதான் போகிறது. அதற்கு முன் ஓராங் லாவுட் எனும் கடல்சார் பூர்வகுடி மக்கள் கடலோரத்தில் கால்நட்டு வீடு கட்டி, மீன் பிடித்து வாழ்ந்த இடம் அது. 1970களில் அடுக்குமாடிக்கு மாறியவர்கள் சம்பானை (சிறு படகை) எங்கே கட்டுவார்கள்?

வெளிநாட்டுப் பேச்சாளர், தேநீர், கறிபாப் எல்லாம் இருக்கட்டும். முதலில் அந்தத் தீவுப் பாட்டிமாருக்கு மைக்கைக் கொடுங்கள். அப்புறம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் வையுங்கள். எங்கள் புளோக்கிலிருந்தே பலர் வருவார்கள்.