எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த கலந்துரையாடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள்களாக இருந்தேன். ஆனால், வெட்டிச் சுருக்கப்பட்ட அந்தக் காணொளி நேற்றிரவு என் அக்காவின் புலனக் (வாட்ஸ்அப்) குழு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத பல அமைப்புகள், அணுமின்சாரத்தை விரிவாக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒரே பக்கம் வந்து நிற்கின்றனவே, ஏன் என்று பார்ப்போம் என நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "ஐயா, இதற்கு எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்கிறார்; மண்டபம் சிரிக்கிறது; காணொளி முடிந்துவிடுகிறது. நான் சொன்ன பதில் அதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜேம்ஸ் ஹான்சன் 1988இலேயே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று புவி வெப்பமாகிறது என்று சாட்சி சொன்ன அறிவியலாளர். நிலக்கரிச் சுரங்கத்திற்கு எதிரான போராட்டத்தில் கைதானவர். அவரும் வேறு மூவரும் 2013 நவம்பரில் சுற்றுச்சூழல் இயக்கங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அணுமின்சாரத்தை எதிர்ப்பதை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஃபின்லாந்தின் பசுமைக் கட்சி, புதிய அணு உலைகளுக்கு அனுமதி கொடுத்ததற்காக 2002இலும் 2014இலும் இரண்டு முறை அமைச்சரவையை விட்டே வெளியேறிய கட்சி. அதே கட்சி 2022இல் தன் மாநாட்டில் அணுமின்சாரத்தை ஏற்றுக்கொண்டது. பதவியைத் துறந்து எதிர்த்தவர்கள் மனம் மாறுகிறார்கள் என்றால், அதற்கு என்ன காரணம் என்று கேட்பதுதானே முறை? யாரிடம் வாங்கினாய் என்பதா முதல் கேள்வி?

2023 டிசம்பரில் துபாய் பருவநிலை மாநாட்டின்போது இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 2050க்குள் உலகின் அணுமின் உற்பத்தித் திறனை மூன்று மடங்காக்குவோம் என்று கையெழுத்திட்டன. அமெரிக்காவும் பிரான்சும் கையெழுத்திட்டதில் வியப்பில்லை. கானாவும் மங்கோலியாவும் மொரோக்கோவும் கையெழுத்திட்டன. 2024 செப்டம்பரில் 14 பெரிய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அந்த இலக்கை ஆதரித்தன. அடுத்த மார்ச்சில் அமேசான், கூகுள், மெட்டா ஆகியவை சேர்ந்துகொண்டன. 1959இல் இத்தாலிக்குக் கொடுத்த ஒரே ஒரு கடனோடு அணுமின் திட்டங்களை விட்டு விலகியிருந்த உலக வங்கி, 2025 ஜூனில் தன் தடையை நீக்கியது. பிரிட்டனில் ஜிஎம்பி தொழிற்சங்கம் பல ஆண்டுகளாகவே இதை ஆதரித்து வருகிறது. அந்தச் சங்கத்துக்கும் அமேசானுக்கும் உள்ள பகை ஊரறிந்தது. கிடங்குத் தொழிலாளர்களின் சம்பளத்துக்காக அமேசானை எதிர்த்து வேலைநிறுத்தம் நடத்திய சங்கம் அது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: இவர்கள் ஒரே வழியில் வரவில்லை. அறிவியலாளர் கரியமில வாயுவைக் கணக்குப் பார்த்து வந்தார். தொழிற்சங்கம், அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடும் ஓர் ஆலையில் உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் நிலையான வேலையைப் பார்த்து வந்தது. கணினி நிறுவனம் இரவும் பகலும் தடைபடாத மின்சாரத்துக்காக வந்தது. வளரும் நாடு, பணக்கார நாடுகள் எரித்து முடித்த நிலக்கரியை நாமும் எரித்துத்தான் முன்னேற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தது. வங்கி லாபத்துக்குத்தான் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால், வங்கி வந்துவிட்டது என்பதற்காக ஹான்சனும் வங்கியின் ஆளாகிவிடுவாரா?

"ஜப்பானை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2011 மார்ச் 11க்குப் பிறகு ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். அந்த இடப்பெயர்வின் அலைச்சலிலும் மன உளைச்சலிலும் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கதிர்வீச்சால் நேர்ந்தது என்று ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்ட மரணம் ஒன்று. அந்த 2,000 பேரைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனம் வராது. ஆனால், நிலக்கரிப் புகையால் ஆண்டுதோறும் சாகிறவர்களை யாரும் எனக்கு முன்னால் எடுத்து வைப்பதே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு நினைவு நாள் கிடையாது.

கழிவை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஃபின்லாந்து 400 மீட்டருக்கும் ஆழமான பாறையைக் குடைந்து பதில் தேடியிருக்கிறது. அதை நான் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். செலவைப் பற்றிய கேள்வி அதைவிடக் கடினமானது, அதில் எதிர்ப்பாளர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கட்டிய இரண்டு உலைகள் 3,000 கோடி டாலருக்கு மேல் விழுங்கின, சொன்ன காலத்தைத் தாண்டி ஏழு ஆண்டுகள் ஆயின. இதையும் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அதுவும் வெட்டப்பட்டுவிட்டது.

என்னை உண்மையாகவே யோசிக்க வைக்கும் மறுப்பு, நம் மலேசியாவைப் பற்றியது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் அருமண் ஆலையின் கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவால் என்ன நடந்தது என்று ஈப்போவில் வளர்ந்த எவருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊர் மக்கள் 1985இல் வழக்குப் போட்டு, 1992இல் உயர் நீதிமன்றத்தில் வென்று, அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1994இல்தான் ஆலை மூடப்பட்டது. 2009இல் திரங்கானுவில் திறந்து ஓராண்டே ஆன விளையாட்டரங்கின் கூரை சரிந்து விழுந்த நாட்டில் அணு உலையா என்று கேட்பவரை நான் மூடர் என்று சொல்ல மாட்டேன். அதே சமயம், பாங்கியில் 1982 முதல் ஓர் ஆராய்ச்சி உலை இயங்கி வருகிறது என்பதையும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். அது மின்சாரம் தராத சிறிய உலை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த நாட்டில் அந்த வேலையை நாற்பது ஆண்டுகளாகப் பொறுப்போடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசின் ஐந்தாண்டுத் திட்டமான 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி இடம்பெற்ற பிறகு, கேட்க வேண்டிய கேள்விகளை இந்த இரண்டு பக்கத்தையும் கணக்கில் வைத்துக் கேட்போம் என்கிறேன்.

இன்னொன்று. "கூடங்குளத்தில் நம் மக்கள் அடி வாங்கியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கருத்துப் பெட்டியில் ஒரு தம்பி கேட்டிருந்தார். இங்கேதான் இருந்தேன், தம்பி. 2012இல் இடிந்தகரை மக்களுக்காக செந்தூலில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. கேள்வி கேட்ட மீனவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது அநியாயம். மக்களைக் கேட்காமல் எதையும் கட்டக் கூடாது. அன்று அப்படி நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மாறியது, நிலக்கரியைப் பற்றிய என் எண்ணம்.

அதற்குக் காரணம் அப்பா. மேற்குக் கரையில் ஒரு நிலக்கரி மின் நிலையத்தில், எது என்று எழுத விரும்பவில்லை, குத்தகைக்காரரின் கீழ் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். கப்பலிலிருந்து கரி வந்து இறங்கும் வார்ப்பட்டைக்குக் கீழே சிந்துவதை வாரிக் கூட்டுவது அவருடைய வேலை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் சட்டையைக் கழற்றி, அதை மூன்று தண்ணீரில் அலசுவார். மூன்றாவது தண்ணீரும் சாம்பல் நிறமாகத்தான் ஓடும். அம்மா அவருடைய தலையணை உறையை மட்டும் தனியாகத் துவைப்பார். இருமல் தொடங்கியபோது, சிகரெட்டை விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர். அப்பா வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. குத்தகைத் தொழிலாளி என்பதால் இழப்பீடு கேட்கவும் கையில் ஒரு தாள் இல்லை. அவரைப் போன்றவர்களை எந்த விபத்துப் பட்டியலிலும் நீங்கள் பார்க்க முடியாது.

ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயு, அணு 12 கிராம் என்று ஐநா பருவநிலைக் குழு 2014இல் சொன்ன கணக்கைப் படித்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது பனிப்பாறை உருகுவதல்ல, அந்த மூன்றாவது தண்ணீர்தான். ஹான்சன் ஒரு வழியில் வந்தார் என்றேனே, நான் வந்த வழி இது. இதற்கு யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை.

நேற்றிரவு அக்கா அந்தக் காணொளியை அப்பாவுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏன்யா, உன்னையா அப்படிக் கேட்டாங்க?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததன் முழு ஒளிப்பதிவு உங்களிடம் இருக்கிறது. புக்கிட் மேராவைப் பற்றி நான் சொன்னதும், அதிகச் செலவை நான் ஒப்புக்கொண்டதும், பின்வரிசை அண்ணனுக்கு நான் சொன்ன பதிலும் அதில் இருக்கின்றன. வெட்டாமல் வெளியிடுங்கள். அதைப் பார்த்த பிறகும் அந்த அண்ணன் அதே கேள்வியைக் கேட்க விரும்பினால், வீட்டுக்கு வரட்டும், அப்பாவும் இருப்பார்.