பாதை மூடியிருந்தது, திட்டு எனக்கு

நேற்றைய ஸ்கிரீன்ஷாட் விவகாரம் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து டேக் செய்தபடியே இருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: பயணம் போன ஒருவர் மூடிய பாதையின் கேட்டின் முன்னால் நின்று புலம்பி வீடியோ போட்டார், அதற்குக் கீழே நான் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிட்டார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: "அந்த வட்டாரத்துச் சுற்றுலா இணையதளத்தில் முதல் பக்கத்திலேயே பாதை மூடியிருக்கு என்று போட்டிருந்தார்களே, கிளம்புவதற்கு முன்னால் பார்க்கவில்லையா?" மரியாதையாகத்தான் கேட்டேன். அதற்கு 'வெப்சைட் படிக்கிற அங்கிள்' என்று பட்டம். அதற்குக் கீழே சிரிப்பு ஸ்மைலி போட்டவர்களில் சிலர் நான் போட்டுக் கொடுத்த பிளானை வைத்து ஊர் சுற்றியவர்கள். போகட்டும்.

ஒரு ஊரின் சுற்றுலா இணையதளத்தை நம்மில் பெரும்பாலானோர் எப்படிப் பார்க்கிறோம்? மேலே ஓடுகிற வீடியோ, 'கட்டாயம் பார்க்க வேண்டிய 10 இடங்கள்', அவ்வளவுதான். மூடிவிட்டு ரீல்ஸுக்குப் போய்விடுவோம். என்னைக் கேட்டால் அந்தத் தளத்தில் படிக்க வேண்டாத பக்கமே அதுதான். எந்த ஊர் தன்னை அழகில்லை என்று சொல்லிக்கொள்ளும்? நான் தேடிப் போவது தூக்கம் வரவழைக்கிற பக்கங்களை. எது மூடியிருக்கிறது, எந்த மாதத்தில் எது கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, எதற்கு முன்பதிவு வேண்டும். எது இல்லை என்று எந்த ரீல்ஸும் சொல்லாது. அதைச் சொல்வதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, அதைத்தான் யாரும் திறப்பதில்லை.

இத்தாலியில் சின்குவே தெர்ரே கடற்கரையில் 'வியா தெல்லாமோரே' என்று ஒரு பாதை, காதலர் பாதை. 2012-இல் பாறை சரிந்து மூடினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு முழுப் பாதையும் திரும்பத் திறந்தது 2024-இல், அதுவும் முன்பதிவு செய்தால்தான். நடுவில் இருந்த அத்தனை வருஷமும் அந்தப் பாதையின் பழைய படங்கள் இணையத்தில் ஜோராகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. படத்துக்குத் தெரியுமா பாதை மூடியிருப்பது? ஆனால் அந்தக் கடற்கரை அடங்கிய தேசியப் பூங்காவின் இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பெருவில் மச்சு பிச்சு என்ற பழைய மலைநகரத்துக்கு நடந்து போகிற இன்கா பாதையை ஒவ்வொரு பிப்ரவரியும் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். மச்சு பிச்சு திறந்திருக்கும், அந்தப் பாதை இருக்காது. நார்வேயின் திரோம்சோவுக்கு ஜூனில் போய் வானத்தில் துருவ ஒளி என்கிற அந்தப் பச்சை ஒளியைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அந்த மாதத்தில் அங்கே இருட்டே கிடையாது. ரகசியமா இதெல்லாம்?

"அதெல்லாம் விளம்பரத் தளம் சார், ஓட்டல்காரன் காசு கொடுத்தால் பெயர் வரும்" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், பல இடங்களில் உறுப்பினர் கட்டணம் கட்டிய விடுதிகள்தான் பட்டியலில் வரும். அதனால்தான் தங்குமிடத்தை நான் அங்கே தேடுவதே இல்லை. ஆனால் படகு ஓடாது என்று சொல்வதில் அவர்களுக்கு என்ன லாபம்? வட அட்லாண்டிக்கில் இருக்கிற பரோயே தீவுகளின் சுற்றுலாத் துறை 2019-இல் ஒரு வார இறுதிக்கு முக்கியமான இடங்களைப் 'பராமரிப்புக்காக மூடுகிறோம்' என்று அறிவித்தது. வேலை செய்ய வருகிறவர்கள் மட்டும் வாருங்கள் என்று 100 தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து, நடைபாதைகளைச் சீர்படுத்த வைத்தது. விளம்பரக் கம்பெனி செய்கிற வேலையா இது?

"அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாமே" என்று இன்னொருவர். யாரிடம்? ஸ்காட்லாந்தில் சுற்றுலாத் தகவல் மையங்களையே மூடிவிடப் போவதாக 2024-இல் அறிவித்தார்கள். ஜனங்கள் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் திட்டம் போட்டுவிடுகிறார்கள், கவுண்டருக்கு வருவது குறைந்துவிட்டது என்பதுதான் காரணம். அப்படித் திட்டம் போடுகிற ஜனங்கள் யார் என்று எனக்கும் பார்க்க ஆசை.

"ஏஐ-யிடம் கேட்டால் சொல்லிவிடுமே." சொல்லும். மூடிய பாதைக்கும் அழகாக வழி சொல்லும். "தளத்தில் பழைய தகவல் இருக்கும்." சில தளங்களில் இருக்கும்தான், பக்கத்தின் தேதியைப் பாருங்கள். அடுத்து.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று உண்மையாகவே கேட்ட இரண்டொருவருக்காக இது. முதலில் நிகழ்ச்சி நாட்காட்டி. திருவிழா பார்ப்பதற்கு என்பதைவிட, அந்த வாரம் அறை கிடைக்காது, சாலையை அடைத்துவிடுவார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு. பிறகு போக்குவரத்துப் பக்கம். அங்கே கால அட்டவணை ஒரு பிடிஎஃப்-ஆகக் கிடக்கும், கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. இரண்டில் எது என்று பார்க்காமல் டவுன்லோட் செய்துவிட்டு அந்த ஊரையே திட்டுகிறவர்கள் உண்டு. அப்புறம் மேலே மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒரு பட்டை வரும். குக்கீ அறிவிப்பு என்று நினைத்து எக்ஸ் அடித்துவிட்டுப் போகிறோமே, அதில்தான் விஷயமே இருக்கும். கடைசியாக, சந்தேகம் இருந்தால் அங்கே இருக்கிற முகவரிக்கு ஒரு மின்னஞ்சல். சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் சொல்ல அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார். "அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்தக் கோட்டைக்கு எத்தனை படி?" என்று கேட்டு எழுதியிருக்கிறேன். படிக்கட்டுகளை ஏறாமல் பின்பக்கமாகப் போகிற வழியை வரைபடத்தில் குறித்து அனுப்பினார் முகம் தெரியாத ஒருவர். எந்த ரீல்ஸ்காரர் செய்வார் இதை?

அந்தப் பயணத்தில் அம்மா மேலே வரைக்கும் வந்தார். "பரவாயில்லையே, நல்ல வழியாக இருக்கிறதே" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வழி தானாக முளைத்த மாதிரி. அடுத்த நாள் படகுத்துறையில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டி வந்தது. அட்டவணைப்படிதான் படகு வந்தது, நாங்கள்தான் சீக்கிரம் போய்விட்டோம், அதுவும் என் மைத்துனர் அவசரப்படுத்தியதால். அதற்கு மட்டும், "யார் போட்ட பிளான் இது?" என்று என் பெயர் வந்தது.

இதுதான் எனக்கு உறுத்துகிறது, அங்கிள் பட்டம்கூட இல்லை. வீட்டுக்கு ஒருவர், நண்பர் கூட்டத்துக்கு ஒருவர், ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து அந்தப் பிடிஎஃப்-ஐப் படித்துக்கொண்டிருக்கிறார். எதுவும் தப்பாகப் போகாவிட்டால் அவர் செய்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. ஏதாவது தப்பாகப் போனால் அவர் பெயர்தான். எதையும் படிக்காமல் போய் மூடிய கேட்டின் முன்னால் நின்று வீடியோ போடுகிறவருக்கு ஐயோ பாவம் என்று ஆறுதல், லைக், ஷேர். படித்தவருக்குக் கேலி. நல்ல நியாயம்!

அடுத்த குடும்பப் பயணத்துக்கு நான் எதையும் பார்க்க மாட்டேன், வேறு யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள் என்று நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மைத்துனரிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்: "மாமா, எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு மட்டும் சொல்லிடுங்க."