பெரியப்பா மூடிய குழி

தொல்லியல் என்றால் சாகசம் என்று நினைக்கிறவர்களுக்கு ஜோன் காஸ்வெலைக் காட்டலாம். ஓவியம் படித்துவிட்டு பாலஸ்தீனத்தின் ஜெரிக்கோ அகழாய்வில் தொல்லியலாளர் கத்லீன் கென்யனுக்குப் படம் வரைந்து கொடுக்கப் போனவர். பிறகு பெய்ரூத்தில் ஆசிரியர். சீனப் பீங்கான் எந்தெந்தக் கரையில் போய்ச் சேர்ந்தது என்று தேடி மாலைதீவு வரை அலைந்தார். அந்த அலைச்சலில்தான் மன்னாரில் இருக்கிற பழைய துறைமுகமான எங்கள் மாந்தைக்கும் வந்தார். திருக்கேதீச்சரத்தைச் சுற்றி இரட்டை அகழியோடு கிடக்கிற அந்த மேட்டை 1980க்கும் 1984க்கும் இடையில் சில பருவம் தோண்டினார். அப்புறம் யுத்தம். வேலை நின்றது. முழு அறிக்கை நூலாக வந்தது 2013இல்!

2009-10இல் அங்கே திரும்பவும் தோண்டியபோது மிளகோடு ஒரேயொரு கராம்பும் கிடைத்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தையது, கருகிப் போனது, இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தது. மண்ணை அரித்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, பொறுமையாகப் பார்த்தால்தான் இப்படி ஒன்று அகப்படும். மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் ஒரு தரம் கை வைத்தால் போச்சு.

வன்னியில் இப்போது நடப்பது பெக்கோ வேலைதான். வீதிக்குக் கிரவல் அள்ளுகிறார்கள், புதையல் என்று இரவில் கிண்டுகிறார்கள். இலங்கையில் கற்காலக் கருவிகள் கிடைக்கிற மண் படிவு ஒன்றுக்கே வன்னியிலுள்ள இரணைமடுவின் பெயர்தான். அந்தப் பெயரைச் சுமக்கிற சரளை மண்ணுக்கு எங்களிடம் இருக்கிற மதிப்பு, டிப்பர் ஒன்றுக்கு என்ன விலை என்பதோடு சரி.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. பெரியப்பா முறையான ஒருவர் கிணறு வெட்டும்போது கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் வந்தன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, பார்த்ததுமே பழசு என்று தெரிகிற சாதி. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1940ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சொல்லுவோம் என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்து மூடத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, சொன்னா நாளைக்கு எல்லைக்கல் நடுவாங்கள். பிறகு இது என்ர காணியில்லை."

முகாமிலிருந்து வந்து, காடு வெட்டி, கண்ணிவெடி எடுக்கும்வரை காத்திருந்து மீட்ட காணி அது. அவரோடு என்னால் வாதாட முடியவில்லை. இங்கே ஒரு கல் வெளியே வந்தால் எவ்வளவு பழசு என்று யாரும் கேட்பதில்லை, எந்த இனத்தவருடையது என்றுதான் முதல் கேள்வி. பிறகு பொலிஸ், வழக்கு, ஊர்வலம். இந்தப் பயம் இருக்கும்வரை எந்தச் சட்டத்தாலும் ஒரு ஓட்டுத் துண்டைக்கூடக் காப்பாற்ற முடியாது. பதிவு செய்தாலும் உழவு நிற்காது, காணி போகாது என்று எழுத்தில் கொடுங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அளக்கவும் வரையவும் படம் எடுக்கவும் பழக்குங்கள். காஸ்வெலும் வரைஞராகத்தானே தொடங்கினார்.

கிணறு இப்போது பத்தடி தள்ளி இருக்கிறது. பழைய குழிக்கு மேலே கதலி வாழை குலை தள்ளி நிற்கிறது.