ஸ்லைட் ஆஃப் ஹேண்டில் ஈ எங்கே?

கைத்தந்திரத்தைக் குறிக்கும் 'ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்' (sleight of hand) என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, எஸ்-எல்லுக்கு அடுத்து வரவேண்டிய 'ஈ'-யை ஏன்தான் முழுங்குகிறார்களோ! ஈ போனால் (slight) அர்த்தமே போச்சு: அற்பம், இல்லாவிட்டால் அவமதிப்பு. சீட்டை உள்ளங்கையில் மறைக்கிற வித்தைக்காரரின் கைத்தந்திரம் எங்கே, இது எங்கே? இரண்டுமே அகராதியில் இருக்கிற சொற்கள் என்பதால் ஸ்பெல்-செக் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. உயரத்தைச் சொல்லும் 'ஹைட்' (height) என்பதில் முதல் ஹெச்சைத் தூக்கிவிட்டு எஸ்-எல் போடுங்கள், ஸ்பெல்லிங் வந்துவிடும். உச்சரிப்பும் அதே 'ஐ' ஓசைதான். 'ஸ்லேட்' என்று வாசிப்பது இன்னொரு கொடுமை. பெயர்ச்சொல்லாக வரும்போது நடுவில் ஹைஃபன் வேண்டாம். பன்மைக்கு எஸ் முதல் சொல்லில்தான் சேரும். ஹேண்டில் ஒட்டாதீர்கள், புண்ணியமாகப் போகும்.