எஃப்.சி. அந்த ஒரு நாளுக்குத்தான்
பழைய வேன் வாங்குவது பற்றிய கட்டுரையில், ‘எஃப்.சி. புதிதாக எடுத்த பழைய வேனைத் தயங்காமல் வாங்கலாம்’ என்று சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. எஃப்.சி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தரும் சான்று. வாடகை வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடாவருடம் எஃப்.சி. காட்ட வேண்டும், நடுவில் வண்டி படும் பாட்டை அந்தத் தாள் சொல்லாது. நான் வாங்கிய 11 வருட வேனுக்கு எஃப்.சி. எடுத்து 2 மாதம்கூட ஆகவில்லை. பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுத்தது. வலது முன்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றினால், பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் முழுக்க பிரேக் ஆயிலில் ஊறிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்காததால்தான் இடப்பக்கம் இழுத்திருக்கிறது. ஃபுட்போர்டுக்கு அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார், துரு உதிர்ந்து உள்ளே இறங்கிவிட்டது. பிள்ளைகள் ஏறும் படி அது, இன்றும் நினைத்தால் பதறுகிறது. டயரிலும் இதே கதைதான்: எஃப்.சி.க்கு மட்டும் நல்ல டயர் மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாளே பழசை மாட்டுபவர்கள் உண்டு. டயர் எப்போது தயாரித்தது என்று தெரிய, அதன் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் தயாரித்தது. ஸ்டெப்னியையும் விடாதீர்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் மெக்கானிக்கை அழைத்துப்போய், வண்டியைக் குழிமேல் நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்த்துவிடுங்கள்.