அண்ணனின் ஒன்பது விதிகளுக்கு அக்கௌண்ட்ஸ் மிஸ் எழுதுவது

எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். இன்று காலையில் என் சொந்த நாத்தனாரே அந்தப் பதிவை எனக்கு ஃபார்வர்டு பண்ணி, “அண்ணி, படிச்சீங்களா, எவ்வளவு கரெக்டா சொல்லியிருக்கார்” என்று கேட்டதும் பொறுமை போய்விட்டது.

எந்தப் பதிவு என்று இங்கே இருக்கும் பழைய மாலத்தீவு ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாலத்தீவுப் பள்ளியில் இருந்த கெமிஸ்ட்ரி மிஸ் காண்ட்ராக்ட் முடிய ஏழு மாசம் இருக்கும்போது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தது, அதற்கு எங்கள் மாலத்தீவு ஆசிரியர் குரூப்பில் நடந்த பஞ்சாயத்து, அப்புறம் அங்கே எங்களுக்கு மூத்தவராக இருந்த, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் எழுதிய ‘வெளிநாட்டு ஆசிரியர் ஊர் திரும்பச் சரியான நேரம்: ஒன்பது விதிகள்’. ஆயிரத்துச் சொச்சம் லைக். மிஸ்ஸின் பெயரைப் போடவில்லை, அந்த நாகரிகத்துக்கு நன்றி. “சமீபத்தில் ஒரு சகோதரி எடுத்த அவசர முடிவு” என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்தச் சகோதரி யார் என்று கண்டுபிடிக்க எவருக்கும் இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

விதிகளைப் படித்தேன். வீட்டுக்கடன் அடைந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் காலேஜ் முடித்திருக்க வேண்டும். காண்ட்ராக்டை நடுவில் முறிக்கக் கூடாது. நல்ல காப்பீடு எடுத்திருக்க வேண்டும் (அண்ணன் ஊர் வந்தபின் என்ன தொழில் செய்கிறார் என்று நான் சொல்லப் போவதில்லை). கடைசியாக, ஒன்பதாவது: “உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதீர்கள்.”

பதினோரு வருஷம் மாலத்தீவின் வடக்கே ஷவியானி அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில், ஒரு சின்னத் தீவில் அக்கௌண்ட்ஸ் எடுத்தேன். இந்த ஒன்பதும் நிறைவேறி ஊருக்குத் திரும்பிய ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நேரில் போய் ஒரு சால்வை போர்த்திவிட்டு வருகிறேன். கடன் அடையும்போது பிள்ளைக்குக் காலேஜ் சீட் வரும். காலேஜ் முடியும்போது கல்யாணப் பேச்சு வரும். அதுவும் முடிந்தால் வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும் என்று தோன்றும். இந்த வரிசையில் சரியான நேரம் எங்கே வருகிறது? எனக்குத் தெரிந்து எல்லோரும் ஒன்று சீக்கிரம் வந்தார்கள், இல்லை தாமதமாக வந்தார்கள். சீக்கிரம் வந்தவர்களை ஊர் கேலி பேசும். தாமதமாக வந்தவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டில் கிரானைட் தரை இருக்கிறது.

நான் காமர்ஸ் படித்தவள், பணத்தைக் கேவலமாகப் பேசுகிற ஆள் இல்லை. பணத்துக்காகத்தான் போனேன். 2009 ஜனவரியில், இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனேன். அப்போது ஒரு டாலருக்கு 12.85 ரூஃபியா, அதுதான் அந்த நாட்டுப் பணம். அண்ணனின் விதிகளில் எல்லாமே கல்வெட்டில் வெட்டியதுபோல் ஒரு கணக்கு இருக்கிறதே, அதற்காக ஒன்று சொல்கிறேன். 2011 ஏப்ரலில் அந்த நாட்டு அரசு ரூஃபியாவைத் தளர்த்தி, டாலருக்கு 15.42 ரூஃபியா வரை அதன் மதிப்பு இறங்கலாம் என்று விட்டது. போய் ஒட்டிக்கொண்டது அந்த 15.42இல்தான். 7,710 ரூஃபியா வாங்கிய ஒருவருக்கு 600 டாலராக இருந்த சம்பளம் 500 டாலர் ஆனது. வேலை அதே வேலை, பீரியட் அதே பீரியட், ஆறில் ஒரு பங்கு காணோம். இரண்டு வருஷத் திட்டம் போட்டிருந்த எங்கள் எல்லோருக்கும் அன்றைக்கு அது மூன்று வருஷத் திட்டம் ஆகிவிட்டது. யாரைக் குறை சொல்ல? இன்றைக்கும் வங்கியில் எழுதியிருக்கும் விலைக்கு டாலர் கிடைக்காமல், வெளியில் கூடுதல் கொடுத்து வாங்கி அனுப்புகிறவர்கள் நம் குரூப்பிலேயே இருக்கிறார்கள். இதில் இருபத்தைந்து வருஷச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டுமாம்.

கணக்கில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. முதல் மாசமே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். வாங்கிய மிஷின் அப்படியே இருக்காது, வருஷா வருஷம் இவ்வளவு என்று கழி. ஒன்பது விதிகளில் தேய்மானத்துக்கு ஒரு வரி இல்லை.

தூரம் என்று சொன்னால் சிரிப்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம். கடிகாரம்கூட அரை மணி நேரம்தான் பின்னால். ஆனால் என் தீவிலிருந்து மாலேக்கு ராத்திரி முழுக்கத் தோணியில் வர வேண்டியிருந்தது, அதுவும் கடல் சம்மதித்தால். அங்கே வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிறு வேலை நாள். மகனுக்கு ஞாயிறு லீவு. அவன் சும்மா இருக்கும் நேரத்தில் நான் வகுப்பில், நான் சும்மா இருக்கும் வெள்ளிக்கிழமை அவன் பள்ளியில். ராத்திரி பேசலாம் என்றால் இரண்டு பேருக்கும் தூக்கம். பல நாள் எங்கள் பேச்சு “சாப்பிட்டியா?”, “சாப்பிட்டேன்”, “ஹோம்வொர்க்?”, “முடிச்சாச்சு மிஸ்” என்று போகும். ஆமாம், மிஸ் என்று சொல்லிவிடுவான். விளையாட்டுக்குச் சொல்கிறானா, வாய்தவறிச் சொல்கிறானா என்று நான் கேட்டதில்லை.

இதற்கு வரப்போகும் கமெண்ட்கள் எனக்குத் தெரியும். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

“கடனில் கிடக்கிறவனுக்கு இந்த வசனம் உதவாது, வசதி இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு.” சரி. வர முடியாதவர்கள் உண்டு, அவர்களைத் திரும்பி வா என்று நான் எங்கே சொன்னேன்? வந்த ஒருத்தியைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கடனில் கிடக்கிற யாரும் இந்த ஒன்பது விதிகளை எழுதவுமில்லை.

“நடுவில் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பிள்ளைகள் கதி?” இது நியாயமான கேள்வி. அக்டோபரில் கேம்பிரிட்ஜ் பரீட்சையை வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லையென்றால் அந்தத் தீவுப் பிள்ளைகள் கஷ்டப்படும்தான். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு இருக்கும் பாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் வாரத்தில் மஸ் ஹுனியும் (சூரை மீனும் தேங்காயும் பிசைந்தது) ரொஷியும் (அவர்கள் ஊர்ச் சப்பாத்தி) டப்பாவில் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு ஓடிய பெண் இப்போது மாலேயில் வங்கியில் இருக்கிறாள், ஈத் வாழ்த்து இன்னும் அனுப்புகிறாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று. இதே அக்கறையோடு, டீச்சருடைய பிள்ளைகள் கதி என்ன என்று யாராவது ஒரு தடவை கேட்டிருக்கிறீர்களா?

“நீயே முடிவெடுத்து வந்தவள் இல்லையே, கொரோனாவில் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள், நீ என்ன பேசுகிறாய்?” இதைக் குரூப்பிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். ஸ்மைலியோடு. ஆமாம் சார், நம் கப்பற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலஷ்வாவில்தான் வந்தேன். 2020 ஜூன் 7 தூத்துக்குடியில் இறங்கிய எழுநூறு பேரில் நானும் ஒருத்தி. இரண்டு பெட்டி, முகத்தில் மாஸ்க், ஊர் ஊராகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். பதினோரு வருஷத்து மிச்சச் சாமான் தீவிலேயே கிடந்தது, ப்ரெஷர் குக்கர் உள்பட. ஆனால் அடுத்த வருஷம் பள்ளியிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். டிக்கெட் தருகிறோம் என்றார்கள். போகவில்லை. போகாமல் இருந்ததை யார் முடிவெடுத்தது, கப்பற்படையா?

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று யோசித்துத்தான் மூன்று நாள் போனது.

2017 செப்டம்பரில் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் பேப்பர் வந்தது. அடுத்த மார்ச்சில் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. நவம்பர் கடைசியில் பள்ளி மூடியதும் ஊருக்கு வந்துவிடுவது என்று நான் மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். தைரியம் போதாமல் ஒரு பெரியவரிடம் கேட்போம் என்று போனேன். அண்ணன் அப்போது பக்கத்துத் தீவில் இருந்தார், ஒரு வேலையாக எங்கள் தீவுக்கு வந்திருந்தார். துறைமுகத்தை ஒட்டி வலை கட்டிய ஜோலி நாற்காலிகள் இருக்குமே, அதில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார். “தங்கச்சி, பத்தாங்கிளாஸ் பையன் அவனே படிச்சுக்குவான். இன்னும் ஒரே ஒரு காண்ட்ராக்ட். மாடியையும் முடிச்சிரலாம்.” கையெழுத்துப் போட்டேன்.

2018 ஜனவரியில் என் மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகனை ஆறு வயசிலிருந்து வளர்த்தது மாமிதான். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், பகலில் ஓட்டம், ராத்திரி ஆஸ்பத்திரி. பையன் தனியாக வீட்டில். காலையில் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் பரீட்சைக்குப் போயிருக்கிறான், மத்தியானத்துக்கும் அதே கஞ்சி. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. “மிஸ்ஸு அங்க இருந்து என்ன பண்ண முடியும், சும்மா அழும்” என்று அவன்தான் அப்பாவிடம் சொல்லி நிறுத்தியிருக்கிறான். பரீட்சை முடிந்தபின் எதிர்வீட்டு அக்கா போனில், “உம் பிள்ளை கெட்டிக்காரன் கேட்டியா, கஞ்சி வச்சே பரீச்ச எழுதிட்டான்” என்றார், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு. ஆமாக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு ஞாயிறு. அடுத்த பீரியடில் போய் இருப்பாய்வு எடுத்தேன், பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற பாடம். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பதறாதே, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போ, தப்பை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

மகன் நல்ல மார்க் வாங்கினான். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். என்மேல் ஒரு குறையும் சொல்வதில்லை. ஒரு தடவை சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன்மேல் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது போல. அவர் பொய் சொல்லவில்லை, மாடி முடிந்தது. அதில் இப்போது துணி காயப்போடுகிறோம். எனக்குக் குத்துவது, எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் சொன்ன அதே வாக்கியம் அந்தப் பதிவில் மூன்றாவது விதியில் இருக்கிறது, “பெரிய வகுப்புப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்” என்று. அண்ணனுடைய இரண்டு பிள்ளைகளும் அப்போது அண்ணியோடு நாகர்கோவிலில் இருந்தார்கள். அண்ணி வேலைக்குப் போகவில்லை. அவர்கள் தங்களைத் தாங்களே எங்கே பார்த்துக்கொண்டார்கள்?

ஊருக்கு வந்தபின் எல்லாம் தேன் என்று நான் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் ஏமாற்றுகிறேன் என்பீர்கள். 2020இல் இங்கே தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் நியமனத்துக்கு வயது வரம்பு கொண்டுவந்தார்கள், பொதுப்பிரிவுக்கு 40, மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். எனக்கு அப்போது 42. பிறகு தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. பரீட்சைக்கு உட்கார்ந்து படிக்கிற தெம்பு போய்விட்டது. ஒரு தனியார் பள்ளி இன்டர்வியூவில் தாளாளர் என் சர்டிஃபிகேட்டைப் புரட்டிவிட்டு, “மாலத்தீவா? அங்க ஹனிமூன்தானே போவாங்க, ஸ்கூல் வேற இருக்கா?” என்று கேட்டார். பதினோரு வருஷ அனுபவத்தைக் கணக்கில் எடுக்க முடியாது, புதுசாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுப்பதைத்தான் கொடுப்போம், பதினாலாயிரம் என்றார். சேர்ந்தேன். ஒரு வருஷத்தில் விட்டேன். இப்போது வீட்டிலேயே ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன். கட்டுப்படியாகிறது, சில மாசம் ஆவதில்லை.

அதனால் கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கு ஊரில் கஷ்டம் வராது என்று நான் உத்தரவாதம் தரவில்லை. வரும். அவருக்கும் தெரியும், அவர் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. ஏன் வந்தார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உடம்புக்கா, வீட்டுக்கா, இல்லை ஒருநாள் காலையில் எழுந்து இந்தக் கடலைப் பார்த்தது போதும் என்று தோன்றிவிட்டதா, அதுவாகவே இருக்கட்டும். குரூப்பில் நாற்பத்தாறு பேர் இருக்கிறோம். அவர் வந்து இறங்கிய அன்று “நல்லபடியா வந்து சேர்ந்தீங்களா” என்று கேட்டவர்கள் மூன்று பேர். “எவ்வளவு லாஸ்” என்று கேட்டவர்களை நான் எண்ணவில்லை.

நாளை சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறார். ரிஹாகுரு, அதாவது அந்த ஊர் மீன் விழுது, ஒரு பாட்டில் கொண்டுவந்திருக்கிறாராம். என் வீட்டுக்காரருக்கு அந்த வாடையே ஆகாது, வேனை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவார். சுடுசோறு, தேங்காய், பச்சைமிளகாய், எலுமிச்சை எல்லாம் இருக்கிறது. குரூப் ஆட்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். அண்ணனும் வரலாம். மூன்றாவது விதியை மட்டும் அழித்துவிட்டு வரட்டும்.